திரிசங்கு சொர்க்கத்துக்கு உரை வேண்டுமா?

மாடிவீட்டான்:
அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறோம். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, சாவி வரவில்லை. ஒரு பக்கம் வங்கித் தவணை, மறுபக்கம் வாடகை. வாங்கியவர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் “நம் நிலை திரிசங்கு சொர்க்கம்” என்று எழுதினேன். ஓர் இளைஞர், “சொர்க்கம் என்கிறீர்கள், மகிழ்ச்சி. எப்போது குடியேறலாம்?” என்று பதில் போட்டிருக்கிறார். இரண்டே சொல்லில் எல்லாவற்றையும் சொன்னது என் தவறா?

நேர்வழி:
உங்கள் தவறுதான். உடலோடு சொர்க்கம் போக ஆசைப்பட்ட அரசனை விசுவாமித்திரர் ஏற்றிவிட்டார், இந்திரன் தள்ளிவிட்டான், அவன் நடுவானில் தலைகீழாகத் தொங்கினான். இந்தக் கதை தெரிந்தவருக்குத்தான் அது இரண்டு சொல். தெரியாதவருக்குப் பூட்டிய வீடு. பாவம், அவர் ஏற்கெனவே ஒரு பூட்டிய வீட்டின் முன்னால்தான் நிற்கிறார்.

பழனவாளை:
நேர்வழியாருக்குத் தமிழே பிடிக்காது போலிருக்கிறது. குறுந்தொகை எட்டாம் பாட்டைப் பாருங்கள். வயலோரத்து மாமரத்தில் பழுத்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர்க்காரன் என்று தலைவனைப் பற்றிப் பரத்தை பேசுகிறாள். பழம் தானாக விழுந்தது, மீன் வாயைத் திறந்ததுதான் பாக்கி. ‘நான் அவனை வளைக்கவில்லை, அவனாக வந்தான்’ என்பதைச் சொல்லாமலே சொல்லிவிட்டாள். தொல்காப்பியம் இதை உள்ளுறை என்கிறது. விளக்கிச் சொல்லியிருந்தால் அது வெறும் தெருச்சண்டை.

நேர்வழி:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் எனக்குத்தான் உதவுகிறது. மனைவி தன்னை இகழ்ந்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அந்த மனைவியின் தோழியர் காதில் விழும்படி சொன்னது என்று பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பேசுவது யார், கேட்பது யார் என்றே தெரியாது. அதற்கு மேல் உரையும் வேண்டியிருக்கிறது. சுற்றறிக்கைக்கும் உரையாசிரியரை அமர்த்தலாமா?

மணப்பாட்டான்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்கள் கிறிஸ்தவ வீட்டில், பைபிள் கதைகளை வைத்து, எதையும் நம்பாதவனைத் ‘தோமா’ என்போம், ஊதாரியாகத் திரிந்து திரும்புகிறவனை ‘கெட்ட குமாரன்’ என்போம். அலுவலகத்தில் இவற்றைச் சொன்னால் விழிப்பார்கள். ஆனால் சகுனி, கும்பகர்ணன், பகீரதப் பிரயத்தனம் எல்லாம் எனக்குத் தெரியும், யாரும் எனக்கு விளக்கவில்லை. நாங்கள் இரண்டு கதையும் கற்கிறோம், நீங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். பொதுச் சொத்து என்று பேசுவதற்கு முன் அது யாருடைய பொது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழனவாளை:
குத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ‘கெட்ட குமாரன்’ என்றால் கெட்டுப்போன மகன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். திரும்பி வருவதுதான் கதையின் உயிர் என்பது தெரியாது. ஆனால் இதற்கு மருந்து உங்கள் கதையையும் அலுவலகத்தில் புழங்கவிடுவது. என் கதையைப் பூட்டிவைப்பதால் யாருக்கு லாபம்? இன்னொன்று, இவை புத்தகம் படித்துத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. பாலம் கட்ட உதவிய அணில் வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் பாடியிருக்கிறார். அதைப் படிக்காதவர்களும் ‘என் பங்கு அணில் பங்கு’ என்கிறார்கள்.

நேர்வழி:
பேச்சில் சரி. பேச்சில் எதிராளி விழித்தால் உடனே விளக்கலாம். காகிதம் விழிப்பதைப் பார்க்காது.

மணப்பாட்டான்:
அதனால் காகிதத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போயிற்று. இதற்கா இவ்வளவு சண்டை?

மாடிவீட்டான்:
நேற்று இரண்டாவது சுற்றறிக்கை அனுப்பினேன். “பணம் கட்டியாகிவிட்டது, சாவி இல்லை, வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடுகின்றன” என்று வெறுமனே எழுதினேன். பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அந்த இளைஞர் மட்டும் இன்று காலை தொலைபேசியில் அழைத்தார். கதையைத் தேடிப் படித்துவிட்டாராம். “இந்திரன் யார் என்று புரிகிறது ஐயா, கட்டடக்காரர். விசுவாமித்திரர் யார், நீங்களா? அவர் கடைசியில் தனியாக ஒரு சொர்க்கமே கட்டிக்கொடுத்தாராமே?” என்று கேட்கிறார்.

நேர்வழி:
இப்போது அதற்கு என்ன பதில் எழுதப்போகிறீர்கள்?