பல்லாவரத்து சுவத்துல யார் படம்? ராபர்ட் புரூஸ் ஃபுட் வேணுமா வேண்டாமா

சந்தைரோடு:
எங்க தெரு நலச்சங்கத்துல, நூலகம் பக்கத்துல இருக்குற காம்பவுண்ட் சுவத்துல பல்லாவரத்தோட தொடர்புள்ள மூணு பேர் படம் வரையுறதுன்னு பேசிருக்கோம், காசு மூணு படத்துக்குத்தான் சேர்ந்திருக்கு. நான் குடுத்த பேரு பல்லவ ராஜா மகேந்திரவர்மன், இங்க கல்கோடரி கண்டுபிடிச்ச நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், தமிழறிஞர் மறைமலை அடிகள். ஃபுட் பேரைச் சொன்னதும் கூட்டத்துல ஒரே சத்தம், வெள்ளைக்காரன் படம் எதுக்குன்னு. இங்க விஷயம் தெரிஞ்சவங்க இருக்கீங்க, சொல்லுங்க.

பழையபல்லாவரத்தான்:
நானும் எதிர்ப்புதான் தம்பி, ஆனா வெள்ளைக்காரர்ங்கறதுக்காக இல்ல. அவர் இந்த ஊர்ல வாழல. வேலை விஷயமா வந்தார், கல்லை எடுத்தார், போனார். மறைமலை அடிகள் 1911ல இங்க குடிவந்து 1950ல சாகுற வரைக்கும் இங்கேயே இருந்தவர், 39 வருஷம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சா பாக்குற புள்ளைங்க என்னன்னு நினைக்கும்?

கல்தேடி:
"கல்லை எடுத்தார் போனார்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்களே அண்ணே. 1863 மே 30, கத்திரி வெயில், ராணுவ மைதானத்துப் பக்கம் சரளைக்கல் தோண்டுன குழி, அதுல கிடந்த ஒரு குவார்ட்சைட் கல்லைப் பாத்து இது தானா உடைஞ்ச கல்லு இல்ல, மனுஷன் கையால செதுக்குன கோடரின்னு சொன்னார், அப்ப அவருக்கு 28 வயசுதான். அவருக்கு முன்னாடி அந்தக் குழில எத்தனையோ பேர் கல்லு அள்ளிருப்பாங்க, யாருக்கும் அது கண்ணுல படல. ஐரோப்பால பழைய கற்காலக் கருவிகளைப் பெரிய ஆளுங்க ஒத்துக்கிட்டதே அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1859லதான். அதையெல்லாம் படிச்சிட்டு கண்ணைத் திறந்து வச்சிருந்ததாலதான் அவருக்குத் தெரிஞ்சுது. அதே வருஷம் செப்டம்பர்ல திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துலயும் அப்படிக் கருவிங்களைக் கண்டுபிடிச்சாங்க. அங்க கிடைச்ச கருவிங்க 15 லட்சம் வருஷப் பழசுன்னு 2011ல ஆய்வு வந்துச்சு. இந்தியாவுல மனுஷன் எவ்வளவு காலமா இருக்கான்ங்கற கேள்விக்கு முதல் பதில் நம்ம ஊர் மண்ணுலேர்ந்து வந்துருக்கு, அதைச் சொல்லிக் குடுக்க ஒரு சுவர் கூட இல்லன்னா எப்படி?

பழையபல்லாவரத்தான்:
கல்லுக்குத்தான அந்தப் பெருமை, செஞ்ச மனுஷனுக்குத்தான பெருமை. கண்டுபிடிச்சவர் அன்னிக்கு வேற ஊர்ல இறங்கிருந்தா அந்த ஊர்க்காரங்க படம் வரைஞ்சிருப்பாங்க. அடிகள் அப்படியா? நாகப்பட்டினத்துல பொறந்தவர், கிறிஸ்டியன் காலேஜ்ல தமிழ் வாத்தியார், மேல்படிப்புல தமிழுக்கு இருந்த இடம் போனதும் வேலையே வேண்டாம்னு விட்டுட்டு நம்ம ஊரைத் தேடி வந்தார். அப்ப அந்த காலேஜ் பாரிமுனைப் பக்கம் இருந்துச்சு, 1937லதான் தாம்பரம் வந்துச்சு, அதுக்கு ரொம்ப முன்னாடியே இவர் ஊரைத் தாண்டி வந்து மரம் செடி நட்டு, அச்சுக்கூடம் போட்டு, நாலாயிரம் புஸ்தகத்துக்கு மேல சேத்து வச்சு உக்காந்துட்டார். வேதாசலம்ங்கற அவர் பேரு மறைமலை ஆனது, ஞானசாகரம்ங்கற அவர் பத்திரிகை அறிவுக்கடல் ஆனது, சமரச சன்மார்க்க சங்கம் பொதுநிலைக் கழகம் ஆனது எல்லாம் பல்லாவரம் வீட்டு விஷயம். இன்னிக்கு ‘நமஸ்காரம்’ போயி ‘வணக்கம்’னு மேடைல பேசுறோம்னா அதுல அந்த வீட்டுக்குப் பங்கு இருக்கு.

மிஸ்_ஓய்வு:
இவ்ளோ நேரமா படிச்சிட்டு வரேன், ஒருத்தராவது அடிகளோட பொண்ணு நீலாம்பிகை பேரைச் சொல்லுவீங்கன்னு. நான் முப்பது வருஷம் தமிழ் எடுத்தவ, எனக்கு இதுல மனசு ஆறாது. 1916ல தோட்டத்துல வள்ளலார் பாட்டைப் பாடிட்டே வந்தாங்க, அதுல ‘தேகம்’னு வர்ற இடத்துல ‘யாக்கை’ன்னு இருந்தா ஓசை இன்னும் நல்லாருக்குமேன்னு அப்பா சொன்னார், அப்ப அந்தப் பொண்ணுக்கு 13 வயசு, ஏன்னு கேட்டு, அப்படின்னா இனிமே நாமளே அப்படிப் பேசலாம்னு கூட நின்னது அவங்கதான். தனித்தமிழ் இயக்கம் தொடங்குன கதைன்னா எல்லாரும் சொல்றது இதைத்தான், ஆனா சொல்லும்போது அப்பா பேரு மட்டும் நிக்குது, பொண்ணு ‘மகள்’னு ஒரு வார்த்தைல போயிடுறாங்க. வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் கொடுத்து அகரவரிசை தொகுத்தவங்க. 1938 நவம்பர் 13, சென்னைல நடந்த பெண்கள் மாநாட்டுலதான் ஈ.வெ.ரா.வுக்கு ‘பெரியார்’ங்கற பட்டம் தீர்மானமாச்சு, அந்த மாநாட்டுக்குத் தலைமை நீலாம்பிகை அம்மையார். தமிழ்நாடே சொல்ற ஒரு பேரு, பல்லாவரத்துல வளந்த பொண்ணு தலைமைல வந்தது. மூணு படத்துல ஒரு பொம்பளை இல்லன்னா அந்த சுவத்தை சும்மா வெள்ளை அடிச்சு விட்டுருங்க.

சந்தைரோடு:
மிஸ் எனக்கு சத்தியமா இது தெரியாது, 1938 மாநாடு தெரியும், தலைமை யாருன்னு யோசிச்சதே இல்ல. அப்ப யாரை எடுக்குறது?

கல்தேடி:
மகேந்திரவர்மனை எடுங்க. நான் கோவமா சொல்லல. அவருக்கு சுவர் தேவையில்ல, ஊர் பேரே பல்லவபுரம்தான், மலைல அவர் வெட்டுன குகை 1400 வருஷமா நிக்குது, அவரோட பட்டப்பேருங்க கல்லுலயே வெட்டி இருக்கு. இப்ப அங்க முஸ்லிம் மக்கள் வழிபடுறாங்க, அதனாலதான் யாரும் இடிக்காம, குப்பை போடாம, தினம் விளக்கு எரிஞ்சு அந்த இடம் உசுரோட இருக்கு. மலையைச் சுத்தி எத்தனை குவாரி வந்துச்சு, அதுக்கு நடுவுல அது தப்பிச்சதே பெரிய விஷயம்.

பழையபல்லாவரத்தான்:
மகேந்திரனை எடுக்குறதுக்கு ஒத்துக்குறேன். நீலாம்பிகை கட்டாயம் வேணும், இத்தனை வயசுக்கப்புறம் மிஸ் சொல்லித்தான் எனக்கே உறைக்குது. ஃபுட் விஷயத்துல மாறல. அந்த மூணாவது இடத்தை தோல் ஷெட்டுல நின்ன தொழிலாளிக்குக் குடுங்க. குரோம் லெதர் கம்பெனி பேர்லதான் பக்கத்து ஊரே குரோம்பேட்டை ஆச்சு, எங்க தாத்தா சுண்ணாம்புத் தொட்டில கை வச்சு வச்சு நகமெல்லாம் போனவர், அந்த மாதிரி ஆளுங்க முகம் எந்த சுவத்துலயும் இல்ல.

கல்தேடி:
அண்ணே தாத்தாவைப் பத்தி சொன்னதும் எனக்குப் பதில் பேச முடியல. ஆனா ஒண்ணு யோசிங்க, அந்தக் கோடரியைச் செஞ்சவனும் பேரில்லாத தொழிலாளிதான். ஃபுட் முகம் வேண்டாம், அந்தக் கல்லை மட்டும் வரையலாமா? ஒரு கை, அதுல கல்கோடரி, கீழ 1863 மே 30ன்னு தேதி, சின்னதா ஃபுட் பேரு.

பழையபல்லாவரத்தான்:
கைன்னா சரி. தாத்தா கை மாதிரி காய்ப்பு காய்ச்ச கையா வரையச் சொல்லுங்க. பேரு சின்னதா இருக்கட்டும்.

மிஸ்_ஓய்வு:
வரையுறதுக்கு முன்னாடி பெயிண்டர் தம்பி அசலைப் பாக்கணும். ஃபுட் சேத்த கருவிங்க எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போச்சு. அடிகள் புஸ்தகமெல்லாம் அவர் காலத்துக்கப்புறம் லிங்கிச் செட்டித் தெருவுல நூலகமா இருந்து, இப்ப எழும்பூர் கன்னிமாரா நூலகத்துல இருக்கு. கன்னிமாராவும் மியூசியமும் ஒரே வளாகம். நம்ம ஊரை விட்டுப் போனது ரெண்டும் அங்கதான் அடுத்தடுத்த கட்டடத்துல இருக்கு. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, நம்மூர் சந்தையும் அன்னிக்குத்தான், அதனால சனிக்கிழமை காலைல எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல போலாம், நானும் வரேன். எத்தனை பேர் வர்றீங்க?

சந்தைரோடு:
நான், பெயிண்டர், என் பொண்ணு. மூணு டிக்கெட்.

பழையபல்லாவரத்தான்:
நாலு.