பழைய கரடி பொம்மையைப் புதுசாக்க வேண்டாம், பிழைக்க வைத்தால் போதும்: புனைபெயரில் நான்கு பேரின் அனுபவப் பகிர்வு

ஊசிநூல்

சின்ன வயதில் கட்டிப்பிடித்துத் தூங்கிய கரடியோ முயலோ பல வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறங்கியதும், பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். நேராக வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைப் போட்டு முக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சு எது என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும்.

வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் சட்டென்று மேலே எழுந்தால் பாலியெஸ்டர் நார், கடையில் ரெக்ரான் என்று கேட்டால் தருவார்களே, அது. இதற்குப் பயமில்லை, துவைக்கலாம். அமுக்கும்போது நறநறவென்று வைக்கோல் நொறுங்குவது போல் சத்தம் வந்தால் மெல்லிய மரச்சீவல். பழைய ஐரோப்பியக் கரடிகளில் இதுதான் இருக்கும். அதில் தண்ணீர் படவே கூடாது. சீவல் ஊறி உப்பும், காயும்போது கறை விடும், உள்ளேயே அழுகவும் செய்யும். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் தொடங்கிய நிறுவனம் 1904 முதல் பொம்மையின் இடது காதில் சின்ன உலோகப் பொத்தான் பதித்து வருகிறது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் பொத்தானைக் கழற்றாதீர்கள், தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம்.

கனமாக, கட்டி கட்டியாக இருந்தால் பருத்தி. பழைய சேலையையோ வேட்டியையோ கிழித்து வீட்டில் தைத்த பொம்மைகள் எல்லாம் அநேகமாக இந்த வகைதான். வெளித்துணி ஒரே நாளில் காய்ந்துவிடும், உள்ளே இருக்கும் பருத்தி ஈரத்தை விடாது. மேலே தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று அலமாரியில் வைத்தால் ஒரு வாரத்தில் புளித்த வாடை வரும். அந்த வாடை பூஞ்சையுடையது.

இருப்பதிலேயே தொல்லை பிடித்தது ஃபோம் துண்டு அடைத்தவை. வருஷம் ஆக ஆக ஃபோம் மஞ்சளாகி, பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். அமுக்கினால் தையல் இடுக்கு வழியாக மஞ்சள் பொடி உதிரும். இதைத் துவைத்தால் பொடி துணியின் இழைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்கவே முடியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பின்பக்கத் தையலைப் பிரித்து, செய்தித்தாள் மேல் எல்லாவற்றையும் கொட்டி, வெறும் தோலை உள்வெளியாகத் திருப்பி உதறிவிட்டுத்தான் அலச வேண்டும்.

இலவங்காய்

ஊசிநூல் அக்கா சொன்னதோடு இலவம் பஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பழைய பொம்மைகளில் மட்டுமில்லை, ஒரு காலத்து ஆங்கிலேயக் கரடிகளிலும் இது உண்டு. இலவ நார் உள்ளே குழல் போல் வெறுமையானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. அதனால் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. உயிர்காக்கும் மிதவை அங்கிகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் நார் நொறுங்கும் குணம் கொண்டது. கசக்கிப் பிழிந்தால் உடைந்து தூசியாகிவிடும். எனவே மேல்துணியை மட்டும் துடைப்பதே நல்லது.

துடைக்கும் முறை இது. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பு அரைத் தேக்கரண்டி விட்டு முட்டை அடிப்பானால் அடியுங்கள். மேலே நிற்கும் நுரையை மட்டும் எடுத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் முடி படிந்திருக்கும் திசையிலேயே தேய்க்க வேண்டும். உள்ளங்கை அளவு இடத்தை முடித்து, ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். அதற்கு முன்பு காதின் பின்பக்கம் ஈரமான வெள்ளைத்துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் இறங்கினால் அந்த நிறத்தில் நுரையும் வேண்டாம்.

ரெக்ரான் பொம்மைகளை மெஷினில் போடலாம். தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, மென்துணிச் சுற்றில், 30 டிகிரிக்கு மேல் போகாமல். டிரையர் வேண்டாம். மேலே இருக்கும் ரோமம் அநேகமாக அக்ரிலிக் போன்ற செயற்கை நார், சூடு பட்டால் நுனி உருகிச் சுருண்டு சொரசொரப்பாகிவிடும். அதைத் திரும்ப மென்மையாக்க வழியே கிடையாது. இஸ்திரிப்பெட்டிக்கும் இதே பதில்தான்.

ஊசிநூல்

மெஷின் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை, இலவங்காய். ஐந்தாறு வருஷம் ஆன பொம்மைக்கு சரி. இருபது வருஷத்துப் பொம்மையின் தையல் நூல் இற்றுப் போயிருக்கும். சுழற்சியில் கழுத்துதான் முதலில் விடும். கையால் அலசி, துவாலையில் சுருட்டி அமுக்கி ஈரம் எடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் போடுங்கள். காதைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈரத்தின் கனம் முழுவதும் அந்த ஒரு தையலில் இறங்கும். வலைப்பையில் படுக்க வைத்து, அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். ரெக்ரானே உள்ளே முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

இனி தையல். பிரிந்த இடத்தை மூட ஏணித் தையல்தான். ஒரு ஓரத்தின் மடிப்புக்குள் 3 மி.மீ. ஓட்டி, நேர் எதிர் ஓரத்தில் 3 மி.மீ. ஓட்டி, ஐந்தாறு தையல் ஆனதும் நூலை மெதுவாக இழுத்தால் இரண்டு ஓரமும் தானாக உள்ளே மடிந்து சேரும், நூல் வெளியே தெரியாது. ஒவ்வொரு தையலையும் இறுக்கிக்கொண்டே போனால் துணி சுருங்கும். நூல் தேர்வில்தான் பலருக்குத் தவறுகிறது. ‘பலமான நூல்’ என்று பாலியெஸ்டர் நூலைப் பழைய பருத்தித் துணியில் போடுகிறார்கள். நூல் துணியைவிட பலமாக இருந்தால், அடுத்த முறை இழுபடும்போது நூல் அறாது, துணிதான் கிழியும். இற்ற துணிக்குப் பருத்தி நூல் போதும். துணியே நைந்து கண்ணாடி மாதிரி தெரிந்தால் உள்பக்கம் மல்மல் துணி ஒன்றைத் தாங்கலாக வைத்து, அதோடு சேர்த்துச் சின்னச் சின்ன ஓட்டுத்தையலாகப் போடுங்கள்.

பஞ்சு அடைக்கும்போது கை நிறைய அள்ளித் திணிக்கக் கூடாது, உள்ளே உருண்டை உருண்டையாக நிற்கும். விரல் நுனியால் பிய்த்து உதறி, எலுமிச்சம்பழ அளவு எடுத்து, மழுங்கிய பென்சிலால் முதலில் மூக்கு, கை, கால் நுனிகளுக்கு அனுப்புங்கள். வயிறு கடைசி. கழுத்துக்கு மட்டும் கெட்டியாக அடையுங்கள், தலை சாய்வதற்குக் கழுத்தில் பஞ்சு குறைவதுதான் காரணம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய பஞ்சு நல்ல நிலையில் இருந்தால் ஒரு பிடி எடுத்து மல்மல் துணியில் முடிந்து, புதுப் பஞ்சுக்கு நடுவில் வையுங்கள். பொம்மைக்கு உரியவர் அதை எடுத்ததும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். ஒரு காது தொங்கியே இருந்தது, அப்படியே நினைவில் இருக்கிறது என்றால் அந்தக் காதை நிமிர்த்த வேண்டாம், தையலை மட்டும் உறுதியாக்குங்கள். மூக்கில் முடி உதிர்ந்து வழுவழுவென்று இருக்கும் இடம், அந்தக் குழந்தை தேய்த்துத் தேய்த்துத் தூங்கிய இடம். அதன் மேல் புதுத்துணி ஒட்டாதீர்கள்.

மழலைத்தோழி

அந்தக் கடைசிப் பத்திக்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் உண்டு. உளவியலாளர்கள் பிரிட்டனின் புரூஸ் ஹூடும் அமெரிக்காவின் பால் புளூமும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் எதையும் அப்படியே நகல் எடுக்கும் என்று நம்பவைத்து ஒரு ‘நகல் எடுக்கும் பெட்டியை’க் காட்டினார்கள். சாதாரணப் பொம்மை என்றால் நகலை எடுத்துக்கொள்ளக் குழந்தைகள் தயார். கூடவே வைத்துத் தூங்கும் பொம்மை என்றால் பெரும்பாலானோர் அசலைத்தான் கேட்டார்கள், சிலர் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. குழந்தைநல மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1950களின் தொடக்கத்திலேயே இந்தப் பொம்மைகளையும் போர்வைத் துண்டுகளையும் பற்றி எழுதியபோது, குழந்தையைத் தவிர வேறு யாரும் அதை மாற்றக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொன்னார். துவைப்பதைக்கூட முதல் நாளே குழந்தையிடம் சொல்லி, அதன் கையாலேயே வாளியில் போடச் செய்யுங்கள். இரண்டு பொம்மை வாங்கி வைக்க நினைத்தால் பழக்கம் ஏறும் முன்பே, ஒரு வயதுக்குள், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நைந்தால்தான் குழந்தை ஏற்கும்.

கண்ணுக்குத் தெரியாத தோழர்களைப் பற்றியும் இங்கே பேச வேண்டும், ஏனென்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்குக் கற்பனைத் தோழர் இருந்திருக்கிறது. பெயரும் குணமும் கொடுத்துப் பேசும் பொம்மைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். நம் வீடுகளில் குழந்தை தனியாக உட்கார்ந்து பேசினால் காத்துக்கறுப்பு என்று பயந்து தாயத்து கட்டுகிறார்கள். பெரியவர்களின் பயம் குழந்தைக்குத் தொற்றிக்கொள்கிறதே தவிர, வேறு பலன் இல்லை. அது விளையாட்டு என்று குழந்தைக்கு நன்றாகவே தெரியும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். தோழனுக்கும் ஒரு தட்டு வை என்று கேட்டால் வெறும் தட்டு வையுங்கள், சாதம் போட வேண்டாம். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று குழந்தையிடம் கேட்கலாம், நீங்களாக அவனுக்கு வசனம் பேசாதீர்கள். ‘பாரு, உன் ஃபிரெண்டு சமத்தா சாப்பிட்டாச்சு’ என்று சொன்ன நிமிடமே அந்தத் தோழன் பெரியவர்கள் பக்கம் போய்விடுகிறான், குழந்தை அவனைக் கைவிட்டுவிடும். ‘பாலை நான் கொட்டலை, அவன்தான் கொட்டினான்’ என்றால் விசாரணை வேண்டாம், ‘சரி, ரெண்டு பேரும் சேர்ந்து துடைங்க’ போதும்.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலையும் உண்டு. தோழனைக் கண்டு குழந்தையே பயப்படுகிறது, நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை என்கிறது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறான் என்கிறது, அல்லது தூக்கமும் படிப்பும் கூட்டாளிகளோடு பழகுவதும் ஒருசேரக் கெடுகிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

பொத்தான்கண்

கண் மாற்றுவது பற்றி யாரும் தொடவில்லையே. பழைய பொம்மையை அடுத்த தலைமுறைக் குழந்தை கையில் கொடுக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது கண்ணைத்தான். பழைய கண்ணாடிக் கண்கள் கம்பியில் செருகப்பட்டவை, இழுத்தால் கம்பியோடு வந்துவிடும். 3 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் வேண்டாம். பொம்மையின் சிறு பாகங்களைச் சோதிக்கச் சோதனைக்கூடத்தில் பயன்படுத்தும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுக்க அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பரணில் இருந்து இறங்குவது அதற்கு முந்தைய பொம்மை என்பதை மறக்க வேண்டாம்.

சின்னக் குழந்தைக்கு ஆங்கர் எம்பிராய்டரி நூலில் கண் தைத்துவிடலாம். ஆறு இழையில் மூன்று இழை பிரித்து, நெருக்கமான நிரப்புத் தையல், கறுப்பு வட்டத்தின் மேல் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் முகத்தில் உயிர் வராது. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்க வேண்டும். தைக்கும் முன்பு குண்டூசி குத்தி, போனில் படம் எடுத்துப் பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். 2 மி.மீ. விலகினால்கூட வேறு ஒரு கரடி உங்களைப் பார்க்கும்.

தண்டில் வாஷர் வளையம் மாட்டிப் பூட்டும் பிளாஸ்டிக் கண் வாங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வாஷரை உள்பக்கத்திலிருந்துதான் அழுத்திப் பூட்ட முடியும், எனவே தலைத் தையலைப் பிரித்தாக வேண்டும். ஒரு முறை பூட்டினால் திரும்ப வராது. இற்ற துணியில் இது போடவே கூடாது, ஓட்டை பெரிதாகிக் கண் முழுசாகக் கழன்றுவிடும்.

வயிற்றை அமுக்கினால் பாடும் பொம்மையா? துவைக்கும் முன் பாட்டுப் பெட்டியை வெளியே எடுங்கள். பேட்டரியில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் வினிகர் தொட்ட காதுகுடையும் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். பொத்தான் பேட்டரி உள்ள மூடியில் திருகு இல்லாவிட்டால் அந்தப் பாட்டுப் பெட்டியை நிரந்தரமாக எடுத்துவிடுங்கள். குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

இலவங்காய்

பொத்தான்கண் சொன்னதோடு, எடுத்து வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொம்மை இருக்கும் அலமாரியில் அந்துருண்டை வேண்டாம். அது நாஃப்தலீன், துணியில் ஏறினால் லேசில் போகாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைக்கலாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவதும் தப்பு, ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். வெளுத்த பருத்தித் தலையணை உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, மாதம் ஒரு முறை காற்றாட வைப்பது போதும்.

வீட்டில் இளைப்பு உள்ள குழந்தை இருந்தால் தூசிப் பூச்சிக்கு ஒரு வழி. பையில் போட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். பூச்சி செத்துவிடும், ஆனால் ஒவ்வாமை தருவது அதன் எச்சம். ஆகவே ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிறகு அலச வேண்டும். அலச முடியாத மரச்சீவல் கரடி என்றால் குழந்தையின் கட்டிலில் வேண்டாம், கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும்.

மழலைத்தோழி

பயணத்தில் தொலைந்துபோவது பற்றி இன்று மட்டும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இப்போதே பொம்மையை முன், பின், பக்கவாட்டில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். துணிச்சீட்டில் இருக்கும் எண்ணையும் எடுங்கள், அதே மாதிரி தேட உதவும். ரயிலில் விட்டுவிட்டால் ரயில்வே உதவி எண் 139க்குக் கூப்பிட்டு ரயில் எண், பெட்டி, இருக்கை எண் மூன்றையும் சொல்லுங்கள். வண்டி கடைசி நிலையம் சேர்ந்து சுத்தம் செய்யும் முன் சொல்வதுதான் முக்கியம். குழந்தையிடம் ‘அது ஊருக்குப் போயிருக்கு, வந்துடும்’ என்று கதை கட்டாதீர்கள். வராவிட்டால் தினமும் கேட்கும். தொலைந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று உள்ளதைச் சொல்லி, அழ விடுங்கள். அடுத்த பொம்மை வாங்குவதைக் குழந்தை கேட்கும்வரை தள்ளிப் போடுங்கள்.