அவர் கொழும்பில, வாய்ப்புள்ள நாளை எப்படிப் பிடிக்கிறது?

உப்புவெளி_தங்கச்சி:
பிள்ளைக்கு முயற்சி செய்யிறம், கரு தங்க வாய்ப்புள்ள நாள்தான் பிடிபடுதில்லை. எனக்கு பீரியட்ஸ் 27 நாளிலயும் வரும், 33 நாளிலயும் வரும். அவருக்குக் கொழும்பில வேலை. இரண்டு கிழமைக்கு ஒருக்கா வெள்ளி இரவு மெயிலில ஏறி சனி விடியத் திருகோணமலைக்கு வந்து, ஞாயிறு இரவு திரும்பிடுவார். ஃபோன் ஆப் எப்பவும் 14ஆம் நாள் எண்டுதான் காட்டுது. ஓவுலேஷன் ஸ்டிரிப்பில (முட்டை வெளியேறப்போறதைச் சிறுநீரில காட்டுற பட்டி) காலமை முதல் சிறுநீரைப் பார்த்தால் இரண்டாவது கோடு மங்கலாவே நிக்குது. எங்க பிழை?

கணக்குக்காரி:
14 எண்டது 28 நாள் சுற்றுக்குத்தான் தங்கச்சி. முட்டை வெளியேறி ஏறத்தாழ 14 நாளில அடுத்த பீரியட்ஸ் வரும். நாள் கூடிக் குறையிறது அதுக்கு முந்தின பகுதியில. அதால பின்னுக்கிருந்து எண்ணுங்கோ: 27க்கு 13ஆம் நாள், 33க்கு 19ஆம் நாள். ஆகக் குறுகின சுற்றில 18ஐயும் ஆக நீண்டதில 11ஐயும் கழியுங்கோ. 9 தொடக்கம் 22 வரை உங்கட வாய்ப்புள்ள நாட்கள். சும்மா பொட்டாப் பட்ட நாளை எண்ணக்கூடாது, ஒழுங்கா இரத்தம் போன நாள்தான் 1.

முட்டைக்கு ஆயுள் 12–24 மணித்தியாலம். விந்தணு கருப்பை வாயில சுரக்கிற நல்ல சளிக்குள்ள 5 நாள் வரைக்கும் தாங்கும். புதன்கிழமை ஸ்டிரிப்பில கோடு கடுத்தால், சனி விடிய ரயில் வந்து சேரேக்க முட்டையின்ர நேரம் பெரும்பாலும் முடிஞ்சிடும். அதால உங்களுக்கு ஸ்டிரிப்பை விடச் சளிதான் உதவும். பச்சை முட்டையின்ர வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பா, இரண்டு விரலுக்கு நடுவில இழுத்தால் 2–3 சென்டிமீட்டர் அறாமல் நீளும். அது வியாழன் தொடங்கினால் அந்தக் கிழமையே அவரை வரச் சொல்லுங்கோ. தயிர் மாதிரித் திரண்டு கடிச்சால் அது தொற்று, டொக்டரிட்டைக் காட்டவேணும்.

லாப்_பக்கம்:
ஸ்டிரிப்புக்கு காலமை முதல் சிறுநீர் அவ்வளவு சரிவராது. எல்.எச். (முட்டையை வெளியேற வைக்கிற ஹோர்மோன், ஸ்டிரிப் பார்க்கிறது அதைத்தான்) பெரும்பாலும் விடியப்புறம்தான் ஏறும், சிறுநீருக்கு வர நேரம் எடுக்கும். நண்பகலுக்கும் இரவு 8 மணிக்கும் இடையில தினமும் ஒரே நேரத்தில, 10ஆம் நாளிலிருந்து பாருங்கோ. அதுக்கு முந்தின 2 மணித்தியாலம் தண்ணியைக் குறையுங்கோ (நம்மட வெயிலுக்கு அதுக்கு மேல வேண்டாம்). அம்புக்குறிக் கோட்டுக்கு மேல நனையாமல் தோய்ச்சு, 5 நிமிசத்தில வாசியுங்கோ. 10 நிமிசத்துக்குப் பிறகு தெரியிறது கணக்கில்லை. சோதனைக் கோடு மற்றக் கோட்டளவு அல்லது அதைவிடக் கடுத்தால்தான் பொசிட்டிவ். பெட்டியில 30 பாகை எண்டு போட்டிருக்கும், தகரக் கூரைக்குக் கீழ அலுமாரிக்கு மேல வைக்காதைங்கோ. பி.சி.ஓ.எஸ். (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் பல நாள் கடுத்துக் காட்டி ஏமாத்தும்.

வெப்பமானி:
காலமை வெப்பநிலை முன்கூட்டிச் சொல்லாது, முட்டை வெளியேறினதைப் பிறகு உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். கட்டிலால எழும்ப முதல் பார்க்கவேணும், அதுக்கு முன்னம் குறைஞ்சது 3 மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டிருக்கவேணும். இரண்டு தசமம் காட்டுற வெப்பமானி வேணும். காய்ச்சலுக்குப் பாவிக்கிறது ஒரு தசமம் எண்டால் 0.2 பாகை ஏற்றம் அதில பிடிபடாது. கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில கரண்ட் போய் ஃபேன் நிண்ட இரவைக் குறிச்சு வையுங்கோ. முந்தின 6 நாளையும் விட 3 நாள் தொடர்ந்து உயர்ந்து நிண்டால் சரி.

உப்புவெளி_தங்கச்சி:
நன்றி. முட்டை வெளியேறினதோ எண்டு பார்க்கிற 21ஆம் நாள் புரொஜெஸ்டெரோன் (ஹோர்மோன்) இரத்தப் பரிசோதனை செய்யவோ?

லாப்_பக்கம்:
33 நாள் சுற்றில 21 முந்திடும், குறைவாக் காட்டி வீணாப் பயப்படுத்தும். அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள் முன், 26ஆம் நாள் அளவில குடுங்கோ. ஒரு வருசம் முயற்சி செய்தும் தங்காட்டி, 35 வயசு தாண்டினவையெண்டால் 6 மாசத்தில, இரண்டு பேரும் போகவேணும். அவரின்ர விந்துப் பரிசோதனைக்கு முதல் 2–7 நாள் விந்து வெளியேறாமல் இருக்கவேணும். ஃபோலிக் அசிட் இப்பவே தொடங்குங்கோ, உங்கட பிரிவு மருத்துவ மாதுவிட்டைக் கேளுங்கோ.