அட்டோல்: ஒரு சொல் போதுமா?

> மாலத்தீவுப் பாடத்தில் அட்டோல் வரும் இடமெல்லாம் "பவளத்தீவு" என்றே இருக்கட்டும். பழகிய சொல்தானே?

வணக்கம் ஐயா. பழகிய சொல்தான், ஆனால் பாடத்தின் இரண்டாம் வரிக்கே அது தாங்காது. மாலத்தீவின் தெற்கிலுள்ள ஹுவது அட்டோலைப் பற்றி "ஹுவது பவளத்தீவில் இருநூறுக்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன" என்று எழுதிப் பாருங்கள். தீவுக்குள் தீவா என்று மாணவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

அட்டோல் என்பது தீவு அல்ல. ஆழ்கடலிலிருந்து மேலெழுந்து, நீர்மட்டத்தோடு நின்றுவிட்ட, வளையம் போன்ற பவளப்பாறை விளிம்பு அது. விளிம்புக்கு வெளியே சரிவு நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கும். உள்ளே களப்பு, அதாவது விளிம்பு சூழ்ந்த கடல்நீர்ப் பரப்பு; பல இடங்களில் 40 மீட்டருக்கு மேல் ஆழம். அலை உடைத்துக் கொண்டுவந்து விளிம்பின் மேல் குவித்த பவள மணல்தான் தீவு. மாலத்தீவில் இப்படிப்பட்ட மணல் தீவுகள் ஏறத்தாழ 1,200. இயற்கை நிலம் எங்குமே கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டரைத் தாண்டுவதில்லை.

மன்னார் வளைகுடாவில் நீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டைப் "பார்" என்பார்கள். முத்துப்பார் நமக்குப் புதிதல்ல. அதிலிருந்து "வளையப்பார்" என்று முன்மொழிகிறேன். "வட்டப்பார்" வேண்டாம். மாலத்தீவின் வடக்கே திலதுன்மதி அட்டோல் நீண்டு கிடக்கிறது, எந்த வரைபடத்திலும் அது வட்டமாகத் தெரியாது. விளிம்பிலும் களப்பிலும் இருக்கும் குட்டி வளையங்களை நிலவியலார் ஃபாரோ என்கிறார்கள். அதற்குச் "சிறுவளையப்பார்" என்று சிரமமின்றி வந்துவிடுகிறது. விளிம்பை அறுத்துச் செல்லும் கடல்வழிக்குப் "பார்வாய்".

> நிலவியலுக்குச் சரி. "காஃபு அட்டோல் நிர்வாகம்" என்று செய்தியில் வந்தால்? "வளையப்பார் நிர்வாகம்" என்று எழுத முடியுமா?

முடியாது, எழுதவும் கூடாது. மாலத்தீவின் திவெஹி மொழியில் "அத்தொளு" என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது: ஒன்று பாறை, மற்றொன்று ஆட்சிப் பிரிவு. உலகம் எடுத்துக்கொண்டது பாறைப் பொருளை மட்டும். இவ்விரண்டின் எல்லைகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபடுவதில்லை.

ஹுவது ஒரே வளையப்பார், உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆட்சியிலோ அது காஃபு அலிஃபு, காஃபு தாலு என இரண்டு. இந்தப் பிரிப்பின் காரணம் அரசியலில் இருக்கிறது. 1959 ஜனவரியில் தெற்கிலுள்ள ஹுவது, அட்டு, ஃபுவாமுலா மூன்றும் தலைநகர் மாலேயின் ஆட்சியிலிருந்து பிரிந்து சுவாதிவ் ஐக்கியக் குடியரசை அறிவித்தன. அட்டுவின் கான் தீவில் அப்போது பிரிட்டிஷ் விமானத்தளம் இருந்தது. ஹுவதுவில் கிளர்ச்சியை மாலே படையனுப்பி அடக்கியது. 1962-ல் அந்த அத்தொளு இரண்டாக்கப்பட்டது. 1963-ல் குடியரசே முடிந்துபோனது. ஆட்சிப் பிரிவுக்கும் "வளையப்பார்" என்று போட்டால், "1962-ல் வளையப்பார் இரண்டாகப் பிரிந்தது" என்று வரும். படிப்பவர் நிலநடுக்கம் என்றே நினைப்பார்.

ஃபுவாமுலா இதற்கு நேர் எதிர். அது தனித்த ஒரே தீவு. தீவுக்குள் நன்னீர் ஏரிகள் உண்டு, சுற்றிக் களப்பு இல்லை. வளையப்பார் என்ற வரையறை அதற்குப் பொருந்தாது. ஆனாலும் ஆட்சியில் அது ஞவியானி அத்தொளு.

ஆகவே ஆட்சிப் பிரிவுக்கு "அத்தொளு" என்ற மூலச் சொல்லையே வைத்துக்கொள்வோம். ளகரம் நம்மிடம் இருப்பதால் ஒலியும் கெடாது. "மாவட்டம்" என்றும் சிலர் எழுதுகிறார்கள்; அடைமொழியின்றி வந்தால் இந்திய அமைப்போடு குழம்பும்.

> சோழர் மெய்க்கீர்த்தியின் "முந்நீர்ப் பழந்தீவு" கைவசம் இருக்க, புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" என வருவதை மாலத்தீவு என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் அது கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் அது தீவுக்கூட்டம் முழுவதற்கும் வழங்கிய பெயர். பசிபிக்கில் கிரிபாட்டியின் தராவாவைப் பழந்தீவு என்று அழைக்க முடியாது. தராவா வளையப்பார் என்றால் உடனே பொருந்துகிறது.

சொற்பட்டியலில் இப்படிப் பதியலாம்: அட்டோல் (நிலவியல்) – வளையப்பார், அட்டோல் (மாலத்தீவு ஆட்சி) – அத்தொளு, ஃபாரோ – சிறுவளையப்பார். "பார்வாய்" என்பதைக் கடலோடிகளிடம் கேட்டபின் சேர்ப்போம். அவர்கள் வாயில் வேறு சொல் இருந்தால் அதற்கே முதலிடம்.