மூத்திரம் முட்டும்போது மட்டும் கால் ஒட்டிக்கொள்கிறது: பயிற்சியில் எதை மாற்றுவது?

நடைவழி கேட்டது:
71 வயது ஆண், பார்க்கின்சன். மருந்து வேலை செய்யும் நேரத்தில் பார்த்தால் நடை மோசமில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 13 வினாடி. ஆனால் வீட்டில் அவர் விழுவதெல்லாம் பாத்ரூம் போகும் வழியில்தான், பெரும்பாலும் பின்னிரவில். அடக்க முடியாத அவசரம் வந்ததும் அடி சிறுத்து, கதவு நிலையில் உறைந்து நிற்கிறார். கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி நடக்கிறது, விழுவது குறையவில்லை. அவசரமே நடையைக் கெடுக்கிறதா, இல்லை ஓடப் பார்ப்பதால் வரும் வினை மட்டும்தானா?

கால்தடம்:
இரண்டும்தான். சிறுநீர்ப்பை தானாகச் சுருங்காமல் பிடித்துவைப்பதில் மூளையின் அடித்தள முடிச்சுகளுக்குப் பங்கு உண்டு. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் பார்க்கின்சனில் குறைவதால் அந்தப் பிடி தளர்ந்து, பை முழுதாக நிரம்பும் முன்பே முட்டுகிறது. நடையைத் தன்போக்கில் ஓட்டுவதும் இதே முடிச்சுகள்தான். அது கெட்டவர் ஒவ்வொரு அடியையும் கவனம் வைத்து எடுக்கிறார். அவசரம் அந்தக் கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. உறைதலைக் கிளப்புகிற குறுகல், திரும்பல், பதற்றம் மூன்றும் பாத்ரூம் வாசலில் ஒன்றுகூடுகின்றன.

உங்கள் 13 வினாடி, அவசரம் இல்லாத நேரத்துக் கணக்கு. அவர் வழக்கமாகப் போகும் நேரத்துக்குச் சற்று முன் ஒருமுறை, மருந்தின் வேகம் தணிந்த நேரத்தில் ஒருமுறை, பக்கத்தில் ஆள் நிற்க மறுபடி எடுங்கள். வேண்டுமென்றே அடக்கச் சொல்லாதீர்கள்.

கவனிக்க வேண்டியது கடைசி ஒரு மீட்டரை. கதவு தன் பக்கம் திறந்தால் பின்னடி வைக்க வேண்டும்; பின்பக்கம் சாய்ந்து விழுவது அங்கேதான். அடுத்து, இருக்கைக்கு முதுகு காட்ட ஒற்றைக் காலில் சுழல்வது. அதற்கடுத்து, பிடிமானமில்லாமல் இரண்டு கையாலும் உடையை இறக்குவது. முடிந்தால் கதவுக்குப் பதில் திரை, கீழாடையில் எலாஸ்டிக், இருக்கையருகே கைப்பிடி. திரும்பும்போது சுழலாமல் அரைவட்டமாகச் சிறு அடிகளில் வரட்டும், இருக்கை காலில் தட்டிய பிறகே உட்காரட்டும். இதையே படுக்கையிலிருந்து இருக்கை வரை முழுப் பாதையாகப் பழக்குங்கள். கூடத்தில் நேர்க்கோட்டில் நடப்பது இதற்கு ஈடாகாது.

முட்டியவுடன் எழக் கூடாது. பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தபடி, மூத்திரத்தை நிறுத்துவதுபோல் இடுப்படித் தசையை 5, 6 முறை வெடுக்கென்று இறுக்கி விட வேண்டும். அலை தணிந்ததும் எழுந்து மெதுவாக நடக்கலாம். வழியில் முட்டினால் சுவரைப் பிடித்து நின்று இதையே செய்யலாம். கால் ஒட்டிக்கொண்டால் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம்: முழுதாக நின்று, எடையை ஒரு காலுக்கு மாற்றி, மறுகாலை நீட்டி வைக்க வேண்டும். வாசலில் ஒரு எட்டு வைக்கும் தூர இடைவெளியில் பளிச்சென்ற நிறத்தில் குறுக்குப் பட்டைகள் ஒட்டினால் உதவும். இரவில் விளக்கில்லாமல் அந்தப் பட்டை இருந்தும் இல்லாததுதான். கூட இருப்பவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்றால் இத்தனையும் வீண்.

நாட்குறிப்பு:
முதலில் 3 நாள் பதிவு வேண்டும். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, எவ்வளவு அவசரம், என்ன குடித்தார், மாத்திரை நேரம், உறைந்தாரா என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவசரம் வந்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டாமலே போய்வரட்டும்.

இரவு அளவையும் விடியற்காலை முதல் அளவையும் கூட்டுங்கள். இந்த வயதில் அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பிரச்சினை பையில் மட்டும் இல்லை, இரவில் அதிகமாக ஊறுகிறது. பையைத் தளர்த்தும் மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. கால் வீங்கியிருந்தால் பிற்பகலிலேயே காலை உயர்த்தி வைக்கலாம். நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி, படுத்தால் ஏறுகிறவருக்குத் தலைப்பக்கக் கட்டிலை உயர்த்துவது உதவும். தண்ணீரை மொத்தமாகக் குறைக்காதீர்கள்: மலச்சிக்கல் வரும், அது பையை இன்னும் சீண்டும், எழுந்தால் தலை சுற்றும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பிருந்து குறைத்தால் போதும்.

பின்னிரவில் அவரை ஏன் நடக்கவிட வேண்டும்? படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பாட்டிலில் போகலாம், அல்லது கட்டிலை ஒட்டிக் கமோடு நாற்காலி. எழ வேண்டியிருந்தால் 2 நிமிடம் உட்கார்ந்த பிறகு. ஆண்களும் உட்கார்ந்தே போவது நல்லது. திடீரென்று மோசமானால் தொற்றுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை.

மாத்திரைப்பெட்டி:
மருந்துப் பட்டியலையும் பாருங்கள். பையைத் தளர்த்தும் மாத்திரைகளில் ஆக்ஸிபியூட்டினின் மூளைக்குள் புகுந்து நினைவைக் குழப்பும், இவருக்கு மிச்சமிருக்கும் கவனத்தையும் தின்றுவிடும். அதே வேலைக்கான மிராபெக்ரானுக்கு அந்தக் கெடுதல் இல்லை, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க வேண்டும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்கிறாரா? எழும்போது அழுத்தம் சரியலாம். படுத்து அளந்து, நின்ற 3 நிமிடத்துக்குள் மீண்டும் அளங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் மூத்திரம் ஊறுவதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் இந்த வயதில் சோடியத்தை இறக்கிவிடும், லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னிரவு உறைதலுக்கு பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவின் வேகம் தணிந்துபோவதும் காரணமாகலாம், படுக்கைநேர டோஸ் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நடைவழி:
நன்றி. இன்னொருவருக்கு நோய் தெரிந்த முதல் வருடத்திலேயே விழுதலும் மூத்திரக் கசிவும் சேர்ந்து வந்திருக்கின்றன. இதே வழிதானா?

நாட்குறிப்பு:
இல்லை, அது முதலில் மருத்துவரிடம் போகட்டும். இத்தனை சீக்கிரம் இரண்டும் சேர்ந்தால் சாதாரண பார்க்கின்சனா என்றே சந்தேகப்பட வேண்டும். போய்வந்த பிறகும் பையில் 100 மில்லிக்கு மேல் தேங்கினால், எம்எஸ்ஏ என்கிற பல்மண்டலச் சிதைவை நினைக்க வேண்டும். அது இல்லையென்று உறுதிசெய்யாமல் புராஸ்டேட் அறுவைக்குப் போனால் கசிவு நிரந்தரமாகிவிடலாம். கால் தரையில் காந்தம்போல் ஒட்டி, யோசனையும் மந்தமானால் மூளை அறைகளில் நீர் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். அப்படியிருந்தால் முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி நீர் எடுத்து, முன்னும் பின்னும் நடையை அளப்பார்கள். தேறினால் ஷண்ட், அதாவது அந்த நீரை வடிக்கும் குழாய், வைக்க வழியுண்டு.