ஹேக் கோர்ட்ல கென்யா கேஸ்: சாட்சிங்க ஏன் ஒவ்வொருத்தரா விலகிப் போனாங்க?

கயல்_லா:
எல்லாருக்கும் வணக்கம். லா காலேஜ்ல நாலாவது வருஷம் படிக்கிறேன், செமினாருக்கு, நெதர்லாந்துல ஹேக் நகரத்துல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தோட கென்யா கேஸ எடுத்திருக்கேன். ரெண்டு வாரமா இதத்தான் படிச்சிட்டிருக்கேன், மனசே கனத்துப் போச்சு. 2007 டிசம்பர் எலெக்‌ஷன் முடிஞ்ச ரெண்டு மாசத்துல அங்க நடந்த கலவரத்துல 1,100 பேருக்கு மேல செத்திருக்காங்க, ஆறு லட்சம் பேர் வரைக்கும் வீட்ட விட்டு ஓடியிருக்காங்க, ஆனா ஹேக்ல ஒருத்தருக்குக்கூட தண்டனை இல்ல. அந்தக் கலவரத்துக்குப் பின்னாடி இருந்தார்னு அரசியல்வாதி உஹுரு கென்யாட்டா மேல இருந்த குற்றச்சாட்ட 2014 டிசம்பர் 5 அன்னைக்கு ப்ராசிக்யூட்டர் ஃபாத்து பென்சூடாவே வாபஸ் வாங்கிட்டாங்க. இன்னொரு அரசியல்வாதி வில்லியம் ரூட்டோ, ரேடியோக்காரர் ஜோஷுவா சாங் ரெண்டு பேர் கேஸும் 2016 ஏப்ரல்ல பாதியிலயே முடிஞ்சிடுச்சு. அந்த கேஸ்ல மட்டும் சாட்சி சொல்றேன்னு ஒத்துக்கிட்ட 17 பேர் பின்வாங்கிட்டாங்கன்னு பென்சூடா சொல்லியிருக்காங்க.

இவங்க எல்லாம் பயந்து போனாங்களா, காசு வாங்கினாங்களா, இல்ல முதல்ல சொன்னதே பொய்யா? நம்ம ஊர்ல சாட்சி வரலன்னா வாரண்ட் போட்டு கூட்டிட்டு வருவாங்களே, அங்க ஏன் முடியல? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_வக்கீல்:
கயல் மா, சம்மன் விஷயத்த முதல்ல சொல்லிடறேன். அந்த கோர்ட்டுக்கு சொந்தமா போலீஸ் கிடையாது, ஒரு ஏட்டய்யாகூட இல்ல. யாரக் கூப்பிடணும்னாலும் அந்தந்த நாட்டு அரசாங்கத்தத்தான் கேக்கணும். இங்க அரசாங்கம்னா யாரு? 2013 மார்ச் எலெக்‌ஷன்ல கென்யாட்டா ஜனாதிபதி, ரூட்டோ துணை ஜனாதிபதி. குற்றம் சாட்டப்பட்டவங்க நடத்துற அரசாங்கத்துகிட்டயே போய், உங்களுக்கு எதிரா பேசுற சாட்சிய கூட்டிட்டு வாங்கன்னு கேக்கணும்.

அந்த கோர்ட்ட உருவாக்கின ரோம் சட்டம், அதோட 93-வது பிரிவுல, சாட்சி தானா விரும்பி வர்றதுக்கு நாடுகள் உதவணும்னுதான் இருக்கு. ஆனா 64-வது பிரிவு, சாட்சிய வரவழைக்கிற அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டுன்னு சொல்லுது. இத வச்சு 2014 ஏப்ரல்ல 8 பேருக்கு சம்மன் போட்டாங்க, அப்பீல்லயும் அது நின்னுச்சு. அப்படி வந்தவங்கள்ல சிலர் வீடியோ லிங்க்ல உக்காந்து, முன்னாடி நான் சொன்னது எதுவும் உண்மை இல்லன்னு சொல்லிட்டாங்க. நாம பிறழ் சாட்சின்னு சொல்றோமே அதேதான். முப்பது வருஷமா செஷன்ஸ் கோர்ட்ல பாக்குறேன், கூண்டுல ஏறினவன் முதல்ல ஜட்ஜ பாக்க மாட்டான், பின்னாடி பெஞ்சுல யாரு உக்காந்திருக்கான்னுதான் பாப்பான்.

எல்டோரெட்_முருகன்:
நான் 2011-ல இருந்து 2015 வரைக்கும் கென்யால எல்டோரெட்ங்கிற ஊர்ல ஒரு ஹார்டுவேர் கடைல கணக்கு எழுதினேன். கியாம்பாங்கற இடம் டவுன்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல. 2008 ஜனவரி 1 அன்னைக்கு அங்க ஒரு சர்ச்சுல ஒளிஞ்சிருந்த கிகுயு இனத்து ஜனங்கள கதவ அடைச்சு தீ வச்சாங்க, சுமார் 30 பேர் போயிட்டாங்க, முக்கால்வாசி பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான்.

ரூட்டோ கேஸ்ல முதல் சாட்சி அந்தத் தீயில தப்பிச்ச ஒரு அம்மா. 2013 செப்டம்பர்ல அவங்க பேசுனப்ப கடை டிவில ஓடிட்டிருந்துச்சு. முகத்த மறைச்சிருந்தாங்க, பேருக்குப் பதிலா நம்பர், குரலயும் மெஷின்ல மாத்தியிருந்தாங்க, தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேட்டுச்சு. கடைல சாமான் வாங்க வந்தவங்க எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. ஒருத்தர் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சார், அந்தப் பக்கத்துல தப்பிச்ச பொம்பளைங்க எத்தன பேரு, அதுல இப்ப ஊர்ல இல்லாதவங்க யாருன்னு. அவ்வளவுதாங்க வேண்டியிருந்துச்சு. சீக்கிரமே பேரும் போட்டோவும் ட்விட்டர்ல வந்துடுச்சு, சாட்சிய அடையாளம் காட்டுறது குற்றம்னு ஜட்ஜ் எபோ ஓசுஜி எச்சரிக்கை பண்ண வேண்டியதாப் போச்சு. இத்தனைக்கும் அப்புறம் அந்த அம்மா பேசி முடிச்சாங்க, அந்த தைரியம் எனக்கெல்லாம் வராது.

எங்க கடைல மூட்டை தூக்குற ஒரு பெரியவர் இருந்தார், கிகுயுக்காரர், கேம்ப்ல ரெண்டு வருஷம் கூடாரத்துல இருந்துட்டு திரும்பி வந்தவர். அன்னைக்கு டிவி பக்கமே வரல, பின்னாடி கொடவுன்ல ஆணிய சைஸ் வாரியா பிரிச்சிட்டிருந்தார், ஏற்கனவே பிரிச்சு வச்ச ஆணிங்க அது. அப்புறமா ஒரு நாள் சொன்னார், கோர்ட்டுக்காரங்க விமானத்துல வந்து விமானத்துல போயிடுவாங்க, என் நிலத்துக்கு வேலிய ஒட்டி இருக்கறவன் நாளைக்கும் அங்கதான் இருப்பான்னு.

அதனால பயமா காசான்னு தனித்தனியா கேக்காதீங்க தங்கச்சி. ரெண்டும் ஒரே ஆள் கைல வரும். இந்தக் காச வாங்கிக்கோ, வாங்கலன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்னு சொல்வான்.

சந்திரமோகன்80:
முருகன் அண்ணே சொல்றது மனசத் தொடுது, ஆனா எல்லா பழியையும் மிரட்டல் மேலயே போட்டா ப்ராசிக்யூஷன் தப்பிச்சிடும். முத்தௌராங்கிற அதிகாரி மேல இருந்த கேஸ 2013 மார்ச்சுல வாபஸ் வாங்கினாங்களே, அதுல முக்கிய சாட்சி தன் வாக்குமூலத்தையே மாத்திட்டார், காசு வாங்கினதையும் ஒத்துக்கிட்டார். கென்யாட்டா கேஸ்ல இன்னொருத்தர் முக்கியமான சம்பவத்தப் பத்தியே பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டார். ஒண்ணு ரெண்டு ஆளுங்க மேல இவ்வளவு பெரிய கேஸ நிறுத்தினா, அவங்க சாஞ்சா கேஸும் சாயத்தான செய்யும்? குற்றச்சாட்டு உறுதியாகுறதுக்கு முன்னாடியே ஒழுங்கா விசாரிச்சிருக்கணும்னு ஜட்ஜ் வான் டென் வைங்கார்ட் 2013-லயே கடுமையா எழுதினாங்க.

அதே கோர்ட்ல, சின்னப் பிள்ளைங்கள படைல சேத்ததா நடந்த காங்கோ லுபாங்கா கேஸ்லயும் 2009 ஜனவரில முதல் சாட்சி, சிறுவயசுல படைல இருந்தேன்னு காலைல சொன்னவர், அதே நாள்ல அதெல்லாம் ஒரு தொண்டு நிறுவனம் சொல்லிக் குடுத்ததுன்னுட்டார். ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்து முழுசா பேசினார், ஆனா 2012 தீர்ப்புல கோர்ட் அவர நம்பல. அப்ப உண்மை எதுன்னு நாம எப்படி சொல்றது?

கயல்_லா:
நன்றி சார், நன்றி அண்ணா, எல்லாருக்கும். எனக்கு இன்னொரு சந்தேகம். மாறிப் போன சாட்சியோட பழைய வாக்குமூலத்தயே ஆதாரமா எடுத்துக்க முடியாதா? காசு குடுத்தவங்களுக்கு என்ன ஆச்சு?

மதுரை_வக்கீல்:
நல்ல கேள்வி மா, கேஸ் உடைஞ்சதே அங்கதான். 2013 நவம்பர்ல கோர்ட்டோட நடைமுறை விதி 68-ஐ திருத்தி, சாட்சிய யாராவது கலைச்சிருந்தா பழைய வாக்குமூலத்த எடுத்துக்கலாம்னு கொண்டு வந்தாங்க. 2015 ஆகஸ்ட்ல விசாரணை கோர்ட் அத ஏத்துக்கிச்சு. 2016 பிப்ரவரில அப்பீல் கோர்ட், விசாரணை ஆரம்பிச்ச அப்புறம் வந்த விதிய குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதகமா போட முடியாதுன்னு ரத்து பண்ணிடுச்சு. சட்டப்படி அது சரின்னுதான் நானும் சொல்வேன், சொல்றப்பவே கஷ்டமாதான் இருக்கு. ரெண்டே மாசத்துல, ஏப்ரல் 5, மூணு ஜட்ஜுல ரெண்டு பேர் கேஸ முடிச்சிட்டாங்க. ரூட்டோ ஆரம்பத்துல இருந்தே எல்லாத்தையும் மறுத்தவர், ஆனா கோர்ட் அவர நிரபராதின்னு சொல்லி விடல, குற்றவாளின்னும் சொல்லல. சந்திரமோகன் தம்பி, உங்க பாயிண்டுல நியாயம் இருக்கு, அதே உத்தரவுல ஜட்ஜ் எபோ ஓசுஜி சாட்சிகள கலைச்சதையும் அரசியல் தலையீட்டையும் காரணமா எழுதியிருக்கார், அதையும் சேத்துப் படிங்க.

காசு குடுத்து சாட்சிய கலைக்கிற விஷயம் ரோம் சட்டத்தோட 70-வது பிரிவு, அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். மூணு பேர் மேல வாரண்ட். வால்டர் பராசா, சாட்சிக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங்குக்கு மேல தர்றேன்னு சொன்னதா குற்றச்சாட்டு, 2013-ல வாரண்ட் வந்தும் கென்யா அவர ஒப்படைக்கல. பால் கிச்செருங்கிற வக்கீல் 2020 நவம்பர்ல தானே போய் சரணடைஞ்சார், 2022-ல விசாரணை முழுசா நடந்து தீர்ப்புக்குக் காத்திருந்தப்ப செப்டம்பர்ல செத்துப் போனார், அந்த கேஸும் மூடியாச்சு. செமினார்ல இன்னொண்ணும் சேத்துக்கோ மா, தண்டனை இருந்தாதான் பாதிக்கப்பட்டவங்களுக்கு கோர்ட் இழப்பீடு போட முடியும். கியாம்பா ஜனங்களுக்கு அந்த வழியும் அடைஞ்சு போச்சு.

கயல்_லா:
முருகன் அண்ணா, அந்தப் பெரியவர் இப்ப எப்படி இருக்கார்?

எல்டோரெட்_முருகன்:
இருக்கார் மா. 2022 செப்டம்பர்ல ரூட்டோ ஜனாதிபதியா பதவி ஏத்த அன்னைக்கு மனசு கேக்காம போன் பண்ணினேன். அவர் பின்னாடி ரேடியோ சத்தம் கேட்டுச்சு, நான் கேஸப் பத்தி வாய எடுக்கறதுக்கு முன்னாடியே, இந்த வருஷம் சோளம் பரவாயில்ல, வேலிக்கு கம்பி வாங்கணும், உங்க பழைய கடைல என்ன விலை சொல்றாங்கன்னு தெரியுமான்னு கேட்டார். விசாரிச்சு சொல்றேன்னு வச்சிட்டேன்.