'ஆம்பளைங்கன்னாலே' என்று ஆரம்பித்தால் நடுவர் என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் வாசகர்:
கடலூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு விவாதம். தலைப்பு: 'வீட்டு வேலையைத் தட்டிக்கழிப்பவர்கள் ஆண்களே'. 'ஆம்பளைங்கன்னாலே', 'இந்தக் காலத்துப் பொண்ணுங்களே' என்று இரண்டு பக்கமும் இறங்கிவிட்டால் வீட்டு வேலை காணாமல் போய்விடும். நடுவர் எங்கே நிறுத்துவது?

முதுநகர்:
சிக்கல் தலைப்பிலேயே இருக்கு சார். 'ஆண்களே' என்ற அந்த ஏகாரம் ஒருத்தர் விடாமல் எல்லோரையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. 'ன்னாலே'வும் அப்படித்தான், பேசுகிறவருக்கே தெரியாது. 'இருவரும் சம்பளத்துக்குப் போகும் வீட்டில் வேலையைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும்' என்று வையுங்கள். மீறி யாராவது ஆரம்பித்தால் 'எந்த வீட்டில்? எந்த வேலை?' என்று கேளுங்கள். விடியுமுன் மனைவி மீன் ஏலத்துக்குப் போகும் துறைமுகத்து வீடு வேறு, கணவன் நைட் ஷிப்ட் பார்க்கும் நெய்வேலி வீடு வேறு.

பாகூர்:
எண்ணிலும் இதே தப்பு நடக்கும். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் கட்டாயம் யாராவது எடுத்து வருவார்கள்: வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97. அது அன்றைக்கு வேலை செய்தவர்களின் சராசரி மட்டும். ஆண்களில் அப்படிச் செய்தவர்கள் 26.1 சதவீதம், பெண்களில் 81.2. எல்லோருக்கும் பரப்பினால் ஆணுக்குச் சுமார் 25 நிமிடம், பெண்ணுக்கு 243. 'எவனும் செய்றதில்லை' என்பது பொய், நாலில் ஒருவர் செய்கிறார். 'இப்போ எல்லாரும் சமமா செய்றாங்க' என்பது அதைவிடப் பெரிய பொய். 6 வயதுப் பிள்ளையிலிருந்து அதில் சேர்த்தி, எனவே 'கணவன்மார்' என்று பேச அந்த எண் உதவாது.

வில்லியனூர்:
சரிதான். ஆனால் ஒரு பெண் எழுந்து 'என் அண்ணன் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ மாட்டான்' என்றால், 'எல்லா ஆண்களும் அப்படியில்லை' என்று எதிரணி குதிக்கும். அவள் எல்லா ஆண்களையும் எங்கே சொன்னாள்? நடுவர் அங்கே எதிரணியைத்தான் உட்காரவைக்க வேண்டும்.

சொத்துப் பேச்சு வந்தால் பத்திரத்தைப் பேசச் சொல்லுங்கள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் வந்தது. இன்றும் தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். 'அண்ணன்மார் பேராசைக்காரர்கள்' என்றால் அதோடு சரி. பத்திரத்தை எடுத்தால், 'உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்ற கணக்கும், கையெழுத்துப் போடச் சொல்லும் அம்மாவும் வெளியே வருவார்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர்:
தலைப்பை மாற்றிவிடுகிறேன். எதிரணியைப் 'பெண்ணியவாதிகள் எல்லாம் இப்படித்தான்' என்று ஒதுக்கினால்?

முதுநகர்:
எதிரணி சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். இதை முன்கூட்டியே இரண்டு அணிக்கும் சொல்லிவிடுங்கள் சார்.